பாவம், அடுத்த பக்கம்

அந்தப் புத்தகத்தை என் மனைவி, கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் டப்ளின் ஊர் நூலக வாசலில் வைத்திருக்கும் பழைய புத்தகத் தட்டிலிருந்து எடுத்து வந்தாள். கெட்டி அட்டைப் புத்தகம். மூலைகளை ஏதோ ஒரு குழந்தை ஏற்கெனவே கடித்து வைத்திருந்தது. குளிரில் நடுங்கும் முள்ளம்பன்றி ஒன்று ஸ்வெட்டர் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் கதை. எதைப் போட்டாலும் முள் குத்திக் கிழிந்துவிடும். கடைசியில் ஒரு செம்மறியாடு, உடம்பெல்லாம் ஓட்டை வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக் கொடுக்கும். பக்கத்துக்கு நான்கு வரி ஆங்கிலம். இரண்டாம் வரியும் நான்காம் வரியும் ஒரே ஓசையில் முடியும்.

மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. மனைவி அந்த ஆங்கிலத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. படத்தைப் பார்த்தபடி தமிழில் பாடிவிடுவாள்.

முள்ளம்பன்றி மாமாவுக்குக்
குளிருதாம் குளிருதாம்
முதுகு முழுக்க வெடவெடன்னு
உதறுதாம் உதறுதாம்

அடுத்த பக்கத்தில் முதல் கடை.

சட்டைக்குள்ளே கையை விட்டார்
சர்ருனு அது கிழிஞ்சது
சரிதான் போன்னு தலையை விட்டார்
டர்ருனு மீதி கிழிஞ்சது

இதை அவள் உட்கார்ந்து எழுதவில்லை. முதல் நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மறுநாள் மகள் அதையே கேட்டாள். அதற்குப் பிறகு அது அச்சில் இருப்பது போல ஆகிவிட்டது. ஒரு சொல் மாறினாலும் மகள் விடமாட்டாள். "சரிதான் போன்னு தலையை விட்டார்" என்று சொல்லி மனைவி நிறுத்துவாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து "டர்ருனு!" என்று கத்துவாள்.

மற்ற நேரத்தில் மகள் தமிழில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பசிக்குதா என்று கேட்டால் "எஸ்" என்பாள். சாப்பிட வா என்றால் "ஐ'ம் கமிங்" என்பாள். நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும், ஆனால் வாயிலிருந்து வருவது ஆங்கிலம்தான். அந்தப் புத்தகத்துக்குள் போனால் மட்டும் தமிழ் பேசினாள்.

நான் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். சன்னிவேலில் வேலை முடிந்து, 680 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு வந்து, சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அவர்கள் அறைக்குள் போயிருப்பார்கள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சர்ரும் ஒரு டர்ரும் காதில் விழும். தினமும் நடப்பது என்பதால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

மனைவியின் தம்பிக்குச் சென்னையில் கல்யாணம் வைத்தார்கள். மனைவியும் மகளும் போவதாக இருந்தது. ஊருக்குப் போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் விசா முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும், அது தாமதமானால் வேலைக்குச் சிக்கல் என்பதால் நான் போகவில்லை என்று முதலிலேயே முடிவானது. அவளுக்கும் அதே முத்திரை பாக்கி இருந்தது, ஆனால் சொந்தத் தம்பி கல்யாணம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மகளுக்குக் காதில் சீழ் பிடித்தது. விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வாரம்தானே" என்றாள் மனைவி. நாங்கள் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எங்களுக்குள் நீ, வா, போ தான். "நீ மேனேஜ் பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன். நீ போயிட்டு வா."

அவளை சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மகள் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். கல்யாணம் நன்றாக நடந்தது. படங்கள் வந்தன. அடுத்த வாரம் அவள் விசா நேர்காணலுக்குப் போனாள். நான்கே கேள்விகள் கேட்டார்களாம். கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்களாம்.

"அவ்ளோதான் சொன்னாங்களா?"

"அவ்ளோதான். நிறைய பேருக்கு இப்படி ஆகுதாம். வெளியே வந்ததும் ஒரு பொண்ணு சொன்னா. அவளுக்கு ஒரு வாரத்துல வந்துருச்சாம்."

ஒரு வாரத்தில் வரவில்லை. ஒரு மாதத்திலும் வரவில்லை. அதன் பிறகு வாரங்களைப் பற்றிப் பேசுவதை இருவருமே விட்டுவிட்டோம். நான் மகளோடு அங்கே போனால் எனக்கும் இதே கதி ஆகலாம், வேலை போகும், வேலையோடு எல்லாமே போகும். ஊருக்குப் போகும் நண்பர்கள் யாராவது மகளைக் கூட்டிப்போய் விடுவதாகச் சொன்னார்கள். மனைவி இரண்டு முறை சரி என்றாள், இரண்டு முறையும் மறுநாள் வேண்டாம் என்றாள். "அவ இங்க வர்ற அன்னிக்கே எனக்கு விசா வந்துட்டா? திரும்ப அவளைத் தூக்கிட்டு ஓடணும். அடுத்த வாரம் பார்க்கலாம்." ஒவ்வொரு அடுத்த வாரமும் அப்படித்தான் போனது.

தொடக்கத்தில் அவள் வீடியோவில் கதை சொன்னாள். எங்களுக்கு மாலை, அவளுக்குக் காலை. பின்னால் குக்கர் விசில் கேட்கும், யாரோ செய்தித்தாள் கேட்பார்கள். நான் புத்தகத்தைக் கேமராவுக்குப் பின்னால் மகளுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு பக்கம் திருப்புவேன். மனைவிக்குப் புத்தகம் தேவையில்லை.

ஆனால் பாட்டு இணையத்தில் சரியாக வரவில்லை. அவள் "தலையை விட்டார்" என்று நிறுத்துவது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். மகள் "டர்ருனு" என்று கத்துவது அவளுக்கு இன்னும் தாமதமாகப் போய்ச் சேரும். மகள் கத்தியது கேட்கவில்லை என்று நினைத்து அவளே "டர்ருனு" என்று சொல்லிவிடுவாள். மகள் திகைத்துப் போய் என்னைப் பார்ப்பாள். நான் சொன்னேனே என்கிற மாதிரி ஒரு பார்வை. சில நாள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்கள். படம் உறைந்துவிட்டதோ என்று நான் திரையைத் தொட்டுப் பார்ப்பேன்.

"அம்மா இஸ் டூ ஸ்லோ" என்றாள் மகள் ஒருநாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் மனைவி. சிக்னல் விட்டுப் போயிருந்தது.

"ஒண்ணும் இல்ல. தூக்கம் வருதாம்."

சில வாரங்களில் மகள் திரையின் முன்னால் உட்காருவதே குறைந்தது. ஒரு மாலை பாதிப் பாட்டில் "ஐ ஹாவ் டு கோ" என்று, அலுவலக மீட்டிங்கிலிருந்து நான் கிளம்பும் அதே குரலில் சொல்லிவிட்டு எழுந்து போய் லெகோ டப்பாவைக் கவிழ்த்தாள். போன் சோபாவில் சாய்ந்து கிடந்தது. அதன் கேமரா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திருப்பவில்லை, அணைக்கவும் இல்லை. மனைவியும் அணைக்கவில்லை. அவள் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லெகோ கொட்டும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு அவள் அப்பா கூப்பிட்டார், அவள் எழுந்து போனாள்.

எனக்கு அப்போது துக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலை நீண்ட நேரம் மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, தட்டினாலும் வேறு யாருடைய காலையோ தட்டுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். காலையில் எழுந்தேன், பால் காய்ச்சினேன், மகளுக்குத் தலை வாரினேன். கோணலான வகிடு. டேகேரில் விட்டேன். வேலை செய்தேன். யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தேன். லிவர்மோர் கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் "ஸ்டாம்பிங் என்னாச்சு?" என்று கேட்பார்கள். "வெயிட்டிங்" என்பேன். அர்ச்சனை பண்ணுங்க, தேங்காய் உடைங்க என்பார்கள். உடைத்தேன். தேங்காய் சரியாக உடைந்ததா என்று பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார், எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் சன்னிவேல் போகும் நாட்களில் மகளை டேகேரிலிருந்து கூட்டி வந்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற டாக்டர், தனியாக இருந்தார். அவராகவே வந்து கேட்டார். "தம்பி, நீங்கள் ட்ராஃபிக்கில ஓடி வரவேண்டாம். பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வாறன். எனக்கென்ன வேலை?" நான் திரும்பி வரும்போது மகள் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் கதவருகில் நிறுத்தி என்னிடம் கேட்டார். "தம்பி, நித்திரை கொள்ளுறனீங்களோ?"

"ம்."

"சாப்பிடுறனீங்களோ?"

"சாப்பிடறேன் ஆன்ட்டி."

"அழுறனீங்களோ?"

"இல்ல ஆன்ட்டி. அதெல்லாம் இல்ல."

"அதுதான் பார்த்தன்" என்றார். ஒரு டப்பாவில் குழம்பு கொடுத்தார்.

வீடியோக் கதை நின்ற பிறகு ஒரு மாலை மகள் முள்ளம்பன்றிப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். நான் முதல் பக்கத்தைத் திறந்து ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன்.

"நோ" என்றாள். "தட்ஸ் நாட் வாட் இட் ஸேஸ்."

எழுத்தைக் காட்டினேன். இதுதான் எழுதியிருக்கிறது என்றேன். அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கம் எனக்குப் பாதி தெரியும். "முள்ளம்பன்றிக்குக் குளிருதாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை. அடுத்த பக்கத்தில் சர்ரும் டர்ரும் வரும் என்று மட்டும் தெரியும். அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன வரும் என்று தெரியாது. மனைவியைக் கேட்டிருக்கலாம். கேட்டேன்கூட. அவள் போனில் சொல்லத் தொடங்கி, இரண்டாம் வரியில் குரல் உடைந்து, "இப்ப வேணாம், அப்புறம் சொல்றேன்" என்றாள். மறுபடி நான் கேட்கவில்லை.

அதனால் படத்தில் இருப்பதைச் சொன்னேன். ஒரு பிழை எப்படி ஏற்பட்டது என்று அலுவலகத்தில் விளக்குவது போலச் சொன்னேன்.

முள்ளம்பன்றி கடைக்குப் போச்சு. புதுச் சட்டை வாங்கிச்சு. போட்டுப் பார்த்துச்சு. கிழிஞ்சு போச்சு. அடுத்த பக்கம்.

"அடுத்த பக்கம்" என்பது அவள் திருப்ப வேண்டும் என்பதற்காக. அவள் கை பக்கத்தின் மேலேயே கிடக்கும், சொன்னால்தான் திருப்புவாள்.

முதல் சில நாட்கள் அவள் நடுவில் நிறுத்தித் திருத்தினாள். "மாமா" என்றாள் ஒரு இடத்தில். நான் மாமா சேர்த்துக்கொண்டேன், மறுநாள் மறந்துவிட்டேன். பிறகு அவளும் கேட்கவில்லை. ஆன்ட்டி வீட்டுக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினாள். அங்கே அவர் தன் பாணியில் சொல்லியிருக்கிறார். சட்டை உடுப்பு ஆனது. ஒவ்வொரு ஸ்வெட்டர் கிழியும்போதும் அவர் உச்சுக்கொட்டி "பாவம்" என்பாராம். ஒரு மாலை நான் "கிழிஞ்சு போச்சு" என்றதும் மகள் உச்சுக்கொட்டி "பாவம்" என்றாள். சரி என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்படியே அது நிலைத்துவிட்டது.

முள்ளம்பன்றி கடைக்குப் போச்சு
புது உடுப்பு வாங்கிச்சு
போட்டுப் பார்த்துச்சு கிழிஞ்சு போச்சு
பாவம், அடுத்த பக்கம்

எல்லாக் கடைக்கும் இதே நான்கு வரிதான். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இருக்காது. நான் வாசித்தது அப்படித்தான், அவளும் அப்படியே கற்றுக்கொண்டாள். என் பக்கத்தில் சாய்ந்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து தட்டையாகச் சொல்வாள். தினமும் சொன்னோம். அதில் எனக்கு மகிழ்ச்சி இருந்ததா என்று கேட்டால், தெரியாது. அந்த நேரத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மனைவிக்கு விசா வந்தது, வந்த விதத்தில் எந்த விசேஷமும் இல்லை. பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல். அவள் போன் பண்ணியபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து எடுத்தேன்.

"வந்துருச்சு" என்றாள்.

"வந்துருச்சா" என்றேன்.

போனிலேயே காலண்டரைத் திறந்தேன். "டிக்கெட் பார்க்கறேன்" என்றேன். மீட்டிங்குக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்த விஷயம் எங்கே விட்டதோ அங்கேதான் இருந்தது.

விமான நிலையத்தில் மகள் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மனைவி ஓடி வரவில்லை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். மகள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தாள். ஸ்டிக்கரை உரிக்கலாமா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அம்மாகிட்ட கேளு" என்றேன்.

அவள் போய்க் கேட்டாள். இருவரும் சேர்ந்து அதை உரித்தார்கள். காரில் மகள் கையில் ஒட்டிய ஸ்டிக்கரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். மனைவி மகளின் வகிட்டை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, மனைவி குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நம்ம முள்ளம்பன்றி மாமா எங்கே?" என்றாள். மகள் புத்தகத்தை எடுத்துவந்தாள். நான் கதவருகில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் இதற்காகக் காத்திருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. குளிருதாம், குளிருதாம் என்று தோளைக் குலுக்கிப் பாடினாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கம். சட்டைக்குள்ளே கையை விட்டார். சர்ருனு அது கிழிஞ்சது. சரிதான் போன்னு தலையை விட்டார். நிறுத்தினாள். புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை.

"தலையை விட்டார்..." என்றாள் மனைவி மறுபடி.

"தட்ஸ் நாட் வாட் இட் ஸேஸ்" என்றாள் மகள். கோபமாக அல்ல. தெரியாதவருக்கு வழி சொல்வது போல.

மனைவி என்னைப் பார்த்தாள். என் கையில் மகளின் காலுறை ஒன்று இருந்தது. அதன் ஜோடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"அப்ப என்ன எழுதியிருக்கு? நீ சொல்லு" என்றாள் மனைவி.

மகள் விரலைப் படத்தின் மேல் வைத்துத் தமிழில் சொன்னாள். முள்ளம்பன்றி கடைக்குப் போச்சு. புது உடுப்பு வாங்கிச்சு. போட்டுப் பார்த்துச்சு கிழிஞ்சு போச்சு. உச்சுக்கொட்டினாள். பாவம், அடுத்த பக்கம். பக்கத்தைத் திருப்பினாள். அதே வரிகளை மறுபடி சொன்னாள். கடைசிக் கடை வரை அப்படியே, ஒரே குரலில், என் குரலில்.

"உடுப்பா?" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யார் சொல்லிக்குடுத்தா உடுப்பு?"

"இட் ஸேஸ் உடுப்பு."

"அடுத்த பக்கம்னு வேற எழுதியிருக்கா?"

"எஸ்" என்றாள் மகள். "யூ ஃபர்காட் தட் பார்ட்."

மனைவி சிரித்தாள், மகளின் உச்சியில் முத்தமிட்டாள், "ஒரு நிமிஷம் கண்ணா" என்று சொல்லிக் குளியலறைக்குள் போனாள். குழாய் திறந்தது. வெகுநேரம் திறந்தே இருந்தது.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும் என்று புரிந்தது. கதவைத் தட்டினேன்.

"டீ போடவா?"

குழாய் நின்றது. "போடு" என்றாள்.

டீ குடிக்கும்போது அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுடைய தம்பி மனைவி நன்றாகச் சமைப்பதைப் பற்றிப் பேசினாள். ஆன்ட்டிக்கு என்று ஒரு புடவை வாங்கி வந்திருந்தாள். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நெடுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "அவங்க நல்லா பேசறாங்க" என்றாள். "நீ அவங்ககிட்டகூட எதுவும் சொல்லலையாமே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"அதான் அவங்களும் சொன்னாங்க. நீ அப்படித்தான் சொல்லுவன்னு."

அந்த வாரக் கடைசியில் கோயிலுக்குப் போனோம். 580-இல் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மகள் தூங்கிவிட்டாள். மலைகள் காய்ந்து பழுப்பாகக் கிடந்தன. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முதல் பக்கத்துல என்ன சொல்லுவ?"

"எதுல?"

"முள்ளம்பன்றில. எனக்குச் சொல்லிக்குடு."

"உன்னோடதைவிட அது மோசமா இருக்கும்."

"தெரியும். கேட்டேனே. எல்லாம் 'ச்சு'ல முடிஞ்சா அது ரைமா? பரவாயில்ல, சொல்லு. அவளுக்கு இப்ப அதான் புஸ்தகம்."

நான் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். ஆடு வரும் பக்கத்தில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டாள். ஆடு வந்துச்சு, அளவெடுத்துச்சு, முள்ளு குத்துச்சு, பாவம் ஆடு. "அங்க பாவம் ஆடா?" என்றாள். "ஆமா, அந்த ஒரு இடத்துல மட்டும்." தன்னுடையதில் ஆடு அத்தை ஓவென்று அழுவாள், அதைச் சொல்லும்போது மகள் உருண்டு சிரிப்பாள் என்றாள். "நீ கேட்டிருக்கியா அதை?"

"இல்ல."

அவள் அதைப் பாடிக் காட்டினாள். மெதுவாக, மகள் எழுந்துவிடாதபடி.

ஆடு அத்தை வந்தாளாம்
அளவெடுத்துப் பார்த்தாளாம்
ஊசி ஒண்ணு குத்திச்சுன்னு
ஓஓன்னு அழுதாளாம்

ஒரு ஃப்ரீவேயில், சாலையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பாட்டை முதன்முறையாக முழுதாகக் கேட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் தோளில் கையை வைத்தாள். கையின் சூடு தெரிந்தது. கோயில் வரும் வரை அந்தச் சூடு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

சில வாரங்கள் அவள் என்னுடைய வரிகளையே மகளுக்குச் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல், என்னைப் போலவே தட்டையாக, "பாவம், அடுத்த பக்கம்" உட்பட. மகள் அவள்மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள். தன்னுடைய சர்ரையும் டர்ரையும் மனைவி திரும்ப நுழைக்கப் பார்க்கவில்லை. ஒருமுறை நான் கேட்டேன், உன்னோடதை மெதுவா சேர்த்துப் பாரேன் என்று. "வேணாம்" என்றாள். "அது முடிஞ்சுபோச்சு. வேற புஸ்தகம் எடுத்துக்கலாம்."

வேறு புத்தகமும் வந்தது. இதுவும் படமும் பாட்டுமான ஆங்கிலப் புத்தகம்தான். மலையைக் குடைந்து போகும் பாதையைக் கண்டு பயப்படும் ஒரு சின்ன ரயிலின் கதை. மனைவி அதைப் புதிதாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். நானும் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குட்டி ரயில் கூவிக்கிட்டு
குதிச்சுக் குதிச்சு வந்துச்சாம்
எட்டிப் பார்த்தா எதிர ஒரு

அங்கே அவளுக்கு வார்த்தை நின்றுவிட்டது. இருட்டு என்றாள், குகை என்றாள். எதுவும் ஒட்டவில்லை. பக்கத்தைப் பார்த்தாள். ரயிலின் பெட்டிகளில் நிறைய முகங்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. "குட்டி ரயிலுக்கு எத்தனை ஜன்னல்..." என்று வேறு வழியாகத் தொடங்கினாள். மறுபடி நின்றாள்.

"டன்னல்" என்றாள் மகள்.

"என்ன?"

"ஜன்னல், டன்னல்." மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தே கோ டுகெதர்."

மனைவி சொல்லிப் பார்த்தாள். குட்டி ரயிலுக்கு எட்டு ஜன்னல், கிட்ட வந்தா இருட்டு டன்னல். அவள் என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. எனக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன வரும் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. மகள் பக்கத்தைத் திருப்ப மறந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.